குளிரறைக் கதவைத் திறந்து விட்டது யார்?

தமிழில் விஞ்ஞானக் கதை வளரவில்லை என்ற புலம்பல் எமது சஞ்சிகைகளில் அவ்வப்போது எழுந்து அடங்குகிறது. நாம் அந்தப் புலம்பலில் சேரப் போவதில்லை. வளர்ந்திருக்கிறது, திரையில் கோடி கோடியாகக் கொட்டி வளர்த்திருக்கிறார்கள். றோபோ வந்துவிட்டது. காலயந்திரம் கைக்கடிகாரமாகச் சுருங்கி வந்துவிட்டது. மரபணு வந்துவிட்டது. வேற்றுக்கிரகவாசி ஒருவரும் வந்து தமிழ் பேசிவிட்டார். வராமல் நிற்பது விஞ்ஞானம் மட்டும்தான். வெள்ளை அங்கி இருக்கிறது, குடுவைகளில் பச்சையும் நீலமுமாகத் திரவம் கொதிக்கிறது. ஒரு விடயம் உண்மையா பொய்யா என்பதை ஒரு மனிதர் எவ்வாறு கண்டறிகிறார் என்பது மட்டும் இல்லை.

கற்பனைக் கதைக்குள் போய் ஆய்வுகூட ஒழுங்கைத் தேடுகிறீர்களே, உங்களுக்கு வேறு வேலை இல்லையா என்று கேட்பவர்களுக்கு முதலிலேயே சொல்லிவிடுகிறோம். நடக்க முடியாதது கதையில் நடக்கக்கூடாது என்று நாம் சொல்லவில்லை. ஒளியை முந்திக்கொண்டு கப்பல் ஓடட்டும். செத்தவர் எழும்பி வரட்டும். எமது கேள்வி வேறு. கதைக்குள் இருக்கும் மனிதர் தம் கண்முன் நடப்பதை எப்படி அறிந்துகொள்கிறார்கள்? தாம் ஏமாறவில்லை என்பதை எப்படி நிச்சயப்படுத்துகிறார்கள்? அவர்கள் பிழைவிட்டால் அதைக் கண்டுபிடிப்பது யார்? இந்தக் கேள்விகளுக்கு இடமே இல்லாத கதை மாயாஜாலக் கதை. மாயாஜாலக் கதை எழுதுவது குற்றமல்ல. அதன் நெற்றியில் விஞ்ஞானம் என்று நாமம் போட்டு விற்பதைத்தான் எம்மால் சகிக்க முடியவில்லை.

தமிழர்களை மட்டும் அடிப்பதாக யாரும் கோபிக்க வேண்டாம். நாம் வாழும் நாட்டிலிருந்தே தொடங்குகிறோம். இராட்சத மிருகப் படம் என்றால் டெனிஷ்காரர் இன்றும் சொல்லிச் சிரிப்பது 1961இல் வெளிவந்த ‘றெப்டிலிக்கஸ்’ படத்தைத்தான். டெனிஷ் மொழியில் போல் பாங்கும் ஆங்கிலத்தில் அமெரிக்கரான சிட்னி பிங்கும் ஒரே கதையை இரண்டு தடவை எடுத்தார்கள். லாப்லாந்தில் செம்பு தேடித் துளையிடும்போது இயந்திரத்தின் நுனியில் இரத்தமும் தசையும் வருகின்றன. உறைநிலத்தில் புதைந்து கிடந்த ஏதோவொரு பெரும் ஊர்வனவின் வாற்துண்டு அது. அதைக் கொப்பன்ஹேகனுக்குக் கொண்டுவந்து டென்மார்க் அக்குவேரியத்தின் குளிரறையில் வைக்கிறார்கள். உலகத்தில் இருப்பது அந்த ஒரு துண்டுதான். மறதிக்கார விஞ்ஞானி ஒருவரின் கவனயீனத்தால் குளிரறைக் கதவு திறந்தபடி கிடக்கிறது. துண்டு உருகுகிறது, உருகியது வளர்கிறது, வளர்ந்தது நகரத்துக்குள் புகுகிறது. லங்கப்றோ பாலம் திறந்துகொள்ள, சைக்கிளோடு சனம் தண்ணீருக்குள் விழுகிறது.

எம்மவரில் ஒரு தலைமுறை யூலண்டின் இறைச்சித் தொழிற்சாலைகளிலும் மீன் தொழிற்சாலைகளிலும் நின்றுதான் பிள்ளைகளைப் படிப்பித்தது. அவர்களில் எவரையாவது கேட்டுப் பாருங்கள், குளிரறைக் கதவைத் திறந்து விட்டுப் போனால் என்ன நடக்குமென்று. வெப்பநிலைப் பதிவில் கோடு ஏறும். மேற்பார்வையாளர் ஓடிவருவார். அறையில் இருந்தது முழுவதும் தனியே ஒதுக்கப்படும். எத்தனை மணிக்கு, யார், எவ்வளவு நேரம் என்று எழுதிக் கையெழுத்து வாங்குவார்கள். டென்மார்க்கில் பன்றியிறைச்சிக்குக் கிடைக்கும் மரியாதைகூட அந்தப் படத்தில் உலகின் ஒரேயொரு மாதிரிக்குக் கிடைக்கவில்லை. மிருகம் வெளியே வரவேண்டும், ஆகவே கதவு திறக்கவேண்டும். படத்துக்கு அதற்குமேல் அந்தக் கதவில் அக்கறை இல்லை.

கதவு திறப்பதையும் வேறுமாதிரி எழுதலாம். மருத்துவம் படித்த மைக்கல் கிறைற்றன் 1969இல் எழுதிய ‘அன்ட்றோமெடா ஸ்ரெயின்’ நாவலில், விண்ணிலிருந்து வந்த கிருமியை ஆராய நிலத்தின் கீழ் ஐந்து தளங்களில் ஓர் ஆய்வுகூடம் இருக்கிறது. தளத்துக்குத் தளம் கிருமிநீக்கம். இவ்வளவு கட்டுக்காவலிலும் பிழை நுழைகிறது. செய்தி வந்ததும் ஒலிக்கவேண்டிய மணியில் ஒரு காகிதத் துண்டு சிக்கி மணி ஒலிக்காமல் போகிறது. வளர்ப்புத் தட்டுக்களைப் பார்த்துக்கொண்டிருந்த விஞ்ஞானிக்கு வலிப்பு நோய். அதை அவர் மறைத்து வைத்திருந்தார். முக்கியமான முடிவொன்று அவர் கண்ணில் படாமல் கடந்து போகிறது. இங்கே ஒழுங்கும் கதைதான், ஒழுங்கு உடைவதும் கதைதான். உடைவதை நாம் உணர்வது, எவ்வளவு கட்டினார்கள் என்று முதலில் பார்த்திருப்பதால்.

றெப்டிலிக்கஸ் வந்த அதே 1961இல் போலந்தில் ஸ்ரனிஸ்லாவ் லெம் ‘சொலாரிஸ்’ நாவலை வெளியிட்டார். விண்வெளி நிலையத்துக்கு வந்திறங்கிய கெல்வின், அங்கே இருக்கவே முடியாத ஓர் ஆளைக் காண்கிறான். எமது கதாநாயகர்கள் என்றால் துவக்கைத் தூக்கியிருப்பார்கள். கெல்வின் தன்னையே சந்தேகிக்கிறான்: எனக்குப் பைத்தியம் பிடித்துவிட்டதா? வெளியே சுற்றிக்கொண்டிருக்கும் செய்மதியிடம் அதன் பாதை பற்றிய எண்களைக் கேட்டு வாங்கி, பார்க்காமல் வைத்துவிட்டு, அதே கணக்கைத் தான் தனியே செய்து, பிறகு இரண்டையும் ஒப்பிடுகிறான். கலங்கிய மூளை அந்த எண்களை முன்கூட்டியே கற்பனை செய்திருக்க முடியாது. எண்கள் ஒத்துப்போகின்றன. ஆகவே அவனுக்குப் பைத்தியம் இல்லை. ஆகவே அவன் கண்டது உண்மை. நாம் வாசித்த விஞ்ஞானக் கதைகளில் இதைவிடக் குலைநடுங்க வைத்த பக்கம் இல்லை. அந்தப் பக்கத்தில் இருப்பது வெறும் ஒரு கூட்டல் கழித்தல்.

இதைப் புரிந்துகொள்ளப் பெரிய படிப்பு வேண்டியதில்லை. ஊரில் பத்தாம் வகுப்புவரை போனவர்களுக்கு விஞ்ஞானச் செய்முறைக் கொப்பி ஞாபகம் இருக்கும். நோக்கம், உபகரணங்கள், செய்முறை, அவதானம், முடிவு. செம்பரத்தை இலையின் ஒரு பகுதியைக் கறுப்புத் தாளால் மூடி வெயிலில் விட்டு, பிறகு அவித்து, அயடீன் விட்டுப் பார்ப்போம். மூடாத பகுதி கருநீலமாகும். மூடிய பகுதி ஆகாது. இரண்டும் பக்கத்தில் பக்கத்தில் இருப்பதால்தான் வெளிச்சத்தைப் பற்றி ஏதாவது சொல்ல முடிகிறது. கட்டுப்பாட்டுப் பரிசோதனை என்று அதற்கு எமது பாடப்புத்தகம் பெயர் வைத்திருந்தது. அவதானம் முடிவுக்கு முன்னால் வரவேண்டும் என்பதை அந்தத் தலைப்புகளின் வரிசையே எமக்குச் சொல்லித் தந்தது. எமது விஞ்ஞானக் கதைகளில் முடிவு மட்டும் இருக்கிறது. மற்ற நான்கு தலைப்புகளும் கிழிந்த தாள்கள்.

2010இல் வந்த ‘எந்திரன்’ படத்தை எடுத்துக்கொள்வோம். வசீகரன் இரண்டு உதவியாளரோடு பத்து வருடம் ஒதுங்கியிருந்து றோபோ ஒன்றைச் செய்கிறார். உதவியாளர்கள் பகிடிக்கு, ஆய்வுக்கு அல்ல. படம் முழுவதிலும் ஒழுங்கான பரிசோதனை என்று சொல்லத்தக்க ஒன்று நடக்கிறது. மதிப்பீட்டுக் குழுவின் முன் பேராசிரியர் போறா அந்த றோபோவுக்குக் கட்டளையிட, அது தன்னைப் படைத்தவரையே தாக்க முனைகிறது. நன்மை தீமை பிரித்தறிய அதற்குத் தெரியாது என்பது நிரூபணமாகிறது. நல்ல சோதனை, சரியான முடிவு. பின்னர் நடக்கும் அழிவெல்லாம் அந்த முடிவு சரியென்றே காட்டுகிறது. ஆனால் சோதித்தவர் யார்? வில்லன்! பொறாமைக்காரன், பயங்கரவாதிகளுக்கு றோபோ விற்கப் பார்க்கிறவன். சந்தேகம் எழுப்புவதற்குப் படத்தில் அனுமதி பெற்ற ஒரேயொருவர் அயோக்கியர். மேதையை நம்பு, சோதிப்பவனைச் சந்தேகி என்பதே படம் பிள்ளைகளுக்குச் சொல்லும் பாடம். (வசனத்தில் பங்குகொண்ட சுஜாதா இதைவிட நன்றாக அறிந்தவர். தொழிலால் பொறியியலாளர். 2022ஆம் ஆண்டில் நடப்பதாக அவர் எழுதிய ‘என் இனிய இயந்திரா’ கதையில் ஆட்சியைச் சந்தேகிப்பவர்கள் பக்கம்தான் கதை நிற்கிறது. 2022 வந்து போய்விட்டது. அந்தச் சந்தேகம் திரைக்கு வந்து சேரவில்லை.)

அடுத்த வருடமே ‘7ஆம் அறிவு’ வந்தது. மரபணுவியல் மாணவி ஒருத்தி, போதிதர்மரின் வம்சத்தில் வந்த இளைஞன் ஒருவனின் மரபணுவைத் தூண்டி அந்தப் பழைய ஆற்றல்களை எழுப்புகிறாள். கற்ற வித்தை மரபணுவில் எழுதப்பட்டு ஆயிரத்தைந்நூறு வருடம் கடந்து வரும் என்பது கதையின் அத்திவாரம். அதையும் விட்டுவிடுவோம். ஒரு மாணவி, ஓர் ஆள், ஒரு தடவை. மற்ற ஆள் எங்கே? வம்சத்தில் வராத ஒருவனுக்கு அதே தூண்டலைக் கொடுத்து என்ன நடக்கிறதென்று பார்க்கவேண்டாமா? பார்க்க மாட்டார்கள், ஏனென்றால் அது பரிசோதனை அல்ல, அபிஷேகம். 2009இன் காயம் எமக்கு ஆறாதிருந்த நேரம் அது. படம் எமது ரணத்தையும் தொட்டு வசனம் பேசியது. கைதட்டிய எம் சனத்தை நாம் குறைசொல்ல மாட்டோம். தோற்று நின்ற ஒரு கூட்டத்துக்கு, உன் இரத்தத்திலேயே எல்லாம் இருக்கிறது என்று சொல்ல ஆய்வுகூடத்தைச் சாட்சிக்குக் கூப்பிட்டவர்களைத்தான் குறைசொல்கிறோம். இரத்தத்தில் பெருமை இருக்கிறது என்று ஐரோப்பாவில் வெள்ளை அங்கி போட்டுக்கொண்டு முன்பு சொன்னவர்கள் யாரென்பது, இந்தக் கண்டத்தில் வாழும் எமக்குத் தெரியாததல்ல.

தனியே இருந்து எல்லாம் அறிந்தவர் ஒருவர். அவரைக் கேள்வி கேட்பவன் பொறாமைக்காரன் அல்லது விலைபோனவன். இந்தக் கதையை நாம் சினிமாவில் மட்டும் பார்க்கவில்லை. எத்தனை பேர் கேள்வி கேட்ட குற்றத்துக்காகத் துரோகியாகினார்கள் என்பதை இந்தப் பக்கங்களின் வாசகர்களுக்கு நாம் விளக்கத் தேவையில்லை. அரசியலில் எம்மை அழித்த கதைவடிவத்தையே விஞ்ஞானம் என்ற பெயரில் மறுபடி பிள்ளைகளுக்குக் காட்டுகிறோம். எமது கோபத்தின் வேர் இங்கேதான் இருக்கிறது. அழகியல் குறைபாடு மட்டுமென்றால் இவ்வளவு எழுதியிருக்க மாட்டோம்.

மேதை பிழைவிடவே மாட்டாரா? கொப்பன்ஹேகனில் யொஹான்னஸ் பிபிகர் என்றொரு மருத்துவர் இருந்தார். தொண்டைக்கரப்பானுக்கு அப்போது புதிதாக வந்த சீரம் உண்மையில் உயிரைக் காப்பாற்றுகிறதா என்று அறிய, பிளெய்டாம் வைத்தியசாலையில் 1896 தொடக்கம் ஒரு வருடம் ஓர் எளிய ஒழுங்கைக் கடைப்பிடித்தார். ஒருநாள் வந்த நோயாளருக்குச் சீரம், அடுத்தநாள் வந்தவருக்கு இல்லை. தன் விருப்பு வெறுப்பு நுழையாதபடி நாளே தீர்மானிக்கட்டும் என்று விட்டுவிட்டார். சீரம் பெற்ற 239 பேரில் 8 பேர் இறந்தார்கள். பெறாத 245 பேரில் 30 பேர் இறந்தார்கள். 1898இல் வெளியான இந்த ஆய்வை மருத்துவ வரலாற்றாளர் இன்றும் போற்றுகிறார்கள். அந்த ஒன்றுவிட்ட நாட்களில், மூச்சுத் திணறும் பிள்ளையோடு வந்த தாயிடம் இன்று உன் பிள்ளைக்கு இல்லை என்று நின்ற மருத்துவரின் மனநிலை எப்படி இருந்திருக்கும்? இதைவிட எந்த றோபோவின் சண்டை பெரியது?

கதை அங்கே முடியவில்லை. அதே பிபிகர் பின்னர் எலிகளின் இரைப்பையில் கட்டிகளையும் அவற்றுக்குள் ஒரு புழுவையும் கண்டார். ஆயிரத்துக்கும் மேற்பட்ட எலிகளை வெட்டிப் பார்த்தும் அது மறுபடி அகப்படவில்லை. கடைசியில் ஒரு சீனி ஆலையின் எலிகளில் அகப்பட்டது. கரப்பான் பூச்சி வழியாகப் புழு வருவதையும் கண்டுபிடித்தார். புழுவால் புற்றுநோய் உண்டாகிறது என்றார். 1926ஆம் ஆண்டுக்குரிய நோபல் பரிசை அதற்காகக் கொடுத்தார்கள். பிழை. 1952இல் அமெரிக்க ஆய்வாளர் இருவர் மறுபடி செய்து பார்த்தபோது, எலிகளின் உணவில் உயிர்ச்சத்து ஏ போதாமல் இருந்ததே கட்டிகளின் சூத்திரம் என்பதும், அவை புற்றுநோயே அல்ல என்பதும் தெரிந்தன. நல்ல சாப்பாடு கொடுத்துப் புழுவையும் கொடுத்த எலிகளை அவர் போதியளவு பார்க்கவில்லை. நாளை விட்டு நாள் என்று ஒழுங்கு வகுத்த அதே மனிதருக்கு இது நடந்தது. அவர் 1928இல் இறந்துவிட்டார். தான் பிழை என்பதை அறியாமலே போனார். இந்த மனிதரைப் பற்றி ஒரு நாவல் எழுதத் தமிழில் ஆளில்லையா?

வேர்ணின் ‘பூமியின் மையத்துக்குப் பயணம்’ 1864இல் வந்தது. பாதாளத்துக்குப் போகுமுன் பேராசிரியர் தன் மருமகனைக் கொப்பன்ஹேகனில் கிறிஸ்ரியான்ஸ்ஹவ்ண் தேவாலயத்தின் சுருள் கோபுரத்தில் நாட்கணக்காக ஏற்றி இறக்குகிறார், உயரத்துக்குப் பயப்படாமல் இருப்பதற்காம். பூமிக்குள் அவர்கள் காண்பது கடல், காளான் காடு, மிருகச் சண்டை. அதே நகரத்தில் இங்கே லேமன் என்ற பெண்மணி எங்கும் இறங்காமலே பூமியின் மையத்துக்குப் போனார். 1929இல் நியூசிலாந்தில் நடந்த பூமியதிர்ச்சியின் அதிர்வலைகள், வரக்கூடாத இடங்களில் மெலிதாக வந்திருந்தன. மற்றவர்கள் தள்ளிவிட்ட அந்தச் சிறு ஆட்டத்தை அவர் தள்ளிவிடவில்லை. ஓட்ஸ் பெட்டிகளில் அட்டைகளை அடுக்கி வைத்துக்கொண்டு தோட்டத்தில் இருந்து வேலைசெய்ததை அவருடைய உறவினர் நினைவுகூர்ந்திருக்கிறார். உள்ளே ஓர் அகக்கரு இருக்கவேண்டும் என்று 1936இல் எழுதிய கட்டுரையின் தலைப்பு ஒரேயொரு எழுத்தும் அதன் தலையில் ஒரு சிறு கோடும். வேர்ணை நாம் விரும்பித்தான் வாசித்தோம். ஆனாலும் ஓட்ஸ் பெட்டிதான் எமக்கு அதிசயமாகப் படுகிறது.

இவற்றையெல்லாம் ஏன் ஓர் அகதிச் சஞ்சிகை பேசவேண்டும்? ஆய்வுகூடத்தின் சொல் எம்போன்றவர்களின் தலைவிதியில் கையெழுத்திடுகிறது என்பதால். தனியே வந்து தஞ்சம் கேட்கும் பிள்ளை தனக்குப் பதினாறு வயது என்று சொன்னால், இந்த நாட்டில் கை எலும்பை எக்ஸ்றே எடுத்து, பல்லைப் பார்த்து, உடலைப் பார்த்து வயது மதிப்பிடுகிறார்கள். கை எலும்புக்கு நீண்டகாலமாக ஒப்பிட்டுப் பார்க்கும் கிறோய்லிச், பைல் என்போரின் படத்தொகுப்பு, 1930களிலும் 40களின் தொடக்கத்திலும் அமெரிக்காவின் கிளீவ்லாந்தில் வசதியான வெள்ளையினக் குடும்பங்களின் பிள்ளைகளை எடுத்த படங்களால் ஆனது. ஆப்கான் மலையில் அரைவயிற்றோடு வளர்ந்த பிள்ளையின் விரலெலும்பு அந்தப் பிள்ளைகளின் எலும்போடு ஒப்பிடப்படுகிறது. அந்த வயதில் எலும்பு ஓரிரு வருடம் முந்தியும் இருக்கலாம், பிந்தியும் இருக்கலாம். இது மருத்துவருக்குத் தெரியும். ‘பெரும்பாலும் இந்த வயது’ என்றுதான் எழுதுவார். கோப்புக்குப் ‘பெரும்பாலும்’ தேவையில்லை. பிறந்த திகதிக் கட்டத்தில் ஒரு திகதிக்குத்தான் இடமுண்டு. பதினெட்டுக்கு இந்தப் பக்கம் பிள்ளை, அந்தப் பக்கம் ஆள்.

டெனிஷ்காரரும் இதிலிருந்து தப்பியதில்லை. 2020 நவம்பர் 4ஆம் திகதி நாட்டின் மிங்க் விலங்குகள் அத்தனையையும் கொல்லப்போவதாகப் பிரதமர் அறிவித்தார். பதினைந்து மில்லியனுக்கு மேல். மிங்கில் மாறிய கொறோனாக் கிருமியொன்று தடுப்பூசிக்கு அடங்காமல் போகலாம் என்று முதற்கட்ட ஆய்வுகூடச் சோதனைகள் ஐயம் எழுப்பியிருந்தன. அந்த வகை 12 மனிதரில் கண்டுபிடிக்கப்பட்டிருந்தது. அவசரத்துக்கு நியாயம் இருந்திருக்கலாம், நாம் மறுக்கவில்லை. ஆனால் ‘போகலாம்’ என்ற சொல் பத்திரிகையாளர் மகாநாட்டைக் கடக்கும்போது கட்டளையாகிவிட்டது. நோயில்லாப் பண்ணைகளையும் சேர்த்து அழிக்கச் சட்டம் இடந்தரவில்லை என்பது பிறகுதான் தெரியவந்தது. இரண்டு வாரம் கழித்து அந்த வகை அநேகமாக அழிந்துவிட்டது என்றார்கள். ஹொல்ஸ்ரப்றோப் பக்கத்தில் புதைத்த மிங்குகள் அழுகிய வாயுவால் மண்ணைப் பிளந்துகொண்டு மேலே வந்தன. றெப்டிலிக்கஸ் எடுத்தவர்களுக்குக்கூட இந்தக் காட்சி தோன்றியிருக்காது.

ஐயத்தின் சொற்கள் எங்கே எப்படித் தொலைகின்றன என்று எழுதுவதற்கு இன்று எம்மிடையே ஆட்கள் இருக்கிறார்கள். முன்பு எம்மவர் ஆய்வுகூடங்களுக்குள் போனது இரவில் நிலம் துடைக்க. இன்று எமது பிள்ளைகள் வைத்தியசாலைகளில் பயோஅனலிற்றிக்கராக இரத்தக் குழாய்களைக் கையாள்கிறார்கள். சீபீஆர் இலக்கத்தைப் பார், பெயரைப் பார், மறுபடி பார் என்ற ஒழுங்கு அவர்களுக்கு மூச்சுப்போல. எழுத்தாளரோ அவர்களிடம் ஒரு வார்த்தை விசாரிக்காமல், இன்னொரு பிரபஞ்சத்திலிருந்து ஒரு சோழ இளவரசனை இறக்கிக் கொண்டிருக்கிறார். ஒரு பிள்ளையை இருத்தித் தேத்தண்ணி கொடுத்துக் கேளுங்கள். தகப்பன் பெயர் எது, சொந்தப் பெயர் எது என்று டெனிஷ் தாதிக்குக் குழம்பிப்போன ஒரு பின்னேரம், ஒரே பெயரில் இரண்டு குழாய்கள் மேசைக்கு வருகின்றன. ஒன்றில் எல்லாம் சரியாக இருக்கிறது, மற்றதில் இல்லை. வெளியே இரண்டு குடும்பங்கள் காத்திருக்கின்றன. வேலைநேரம் முடிய இன்னும் இருபது நிமிடம். அந்தப் பெண் என்ன செய்கிறாள்?